அடகு வைத்து வாங்கிய கமரா

2018 ஓகஸ்ட் மாதம் இரண்டாவது கிழமை. மனைவியின் இரண்டு வளையல்களை ஹட்டன் டவுனில் அடகு வைத்துவிட்டு, கோச்சியேறிக் கொழும்புக்குப் போய் ஒரு நிக்கோன் டி750 வாங்கி வந்தேன். செகண்ட் ஹேண்ட் பொடி, அதாவது லென்ஸ் இல்லாத கமரா மட்டும், 185,000 ரூபா. திரும்பி வரும்போது நாவலப்பிட்டி தாண்டி மழை. பையை மடியில் வைத்து, மேலே ஜக்கெட்டைப் போர்த்தி, குழந்தையைக் கொண்டுவருவது போலத்தான் கொண்டுவந்தேன்.

அதே மாதம் 23ஆம் திகதி நிக்கோன் இசட்6, இசட்7 இரண்டையும் அறிவித்தது. உள்ளே கண்ணாடி இல்லாத 'மிரர்லெஸ்' வகை, லென்ஸ் பூட்டும் வாயே மாறிப்போன கமராக்கள். இரண்டு கிழமைக்குள் கெனனும் தன்னுடைய முதல் முழுச்சட்ட (35 மில்லிமீற்றர் ஃபிலிம் அளவுச் சென்சர் உள்ள) மிரர்லெஸ்ஸான ஈஓஎஸ் ஆர் பற்றி அறிவித்தது. ஒக்டோபரில் ஒரு ஃபிளாஷ் வாங்க அதே கடைக்குப் போனபோது, என்னுடையதைவிடக் குறைவாக ஓடிய ஒரு டி750 கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. 165,000 என்று சீட்டு ஒட்டியிருந்தார்கள். இரண்டு மாதத்தில் இருபதாயிரம் போயிருந்தது. அடகுக்கடை வட்டி வேறு ஓடிக்கொண்டிருந்தது. அன்றிரவு வீட்டில் யாரிடமும் அதைச் சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் இது முதல் தடவை அல்ல. அப்பா 1971இலிருந்து டிக்கோயா ரோட்டில் ஒரு சின்ன ஸ்டூடியோ வைத்திருந்தார். அவருடைய முதல் நல்ல கமரா யாஷிகா மேட் 124ஜி. மேலிருந்து குனிந்து பார்க்கும் இரட்டை லென்ஸ் பெட்டி, ஒரு ஃபிலிம் சுருளில் பன்னிரண்டு படம். 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்கள் தோட்டம் தோட்டமாக வந்து பாஸ்போட் படம் எடுத்துக்கொண்டார்கள். அதோடு பயணம் போகிறவர்களும் இங்கேயே நிற்கிறவர்களும் சேர்ந்து ஒரு குடும்பப் படம் எடுத்து, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்வார்கள். 1984இல் தலைமன்னார்க் கப்பல் நின்ற பிறகு அந்தக் கூட்டமும் நின்றுபோனது. மறு வருடம் அப்பா ஒரு நிக்கோன் எஃப்எம்2 வாங்கினார். கூடவே 105 மில்லிமீற்றர், எஃப் 2.5 லென்ஸ் ஒன்று. பிறகு கலர் ஃபிலிமும் டவுனில் கலர் லேபும் வந்தன. அதன் பிறகு டிஜிட்டல். 2009இல், நெகட்டிவைப் பெரிதாக்கிப் படம் போட்ட அவருடைய என்லார்ஜரையும் படம் கழுவிய தட்டுகளையும் பழைய இரும்புக்காரர் கிலோக் கணக்கில் நிறுத்து எடுத்துக்கொண்டு போனார். அப்பா அந்த நேரம் வெளியில் வரவில்லை.

ஆனால் நெகட்டிவ் பெட்டிகளை அவர் கொடுக்கவில்லை. இன்று கோத்தகிரியிலிருந்தும் கூடலூரிலிருந்தும் அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் கேட்கிறார்கள்: "எங்க தாத்தா படம் உங்ககிட்ட இருக்குமா ஐயா?" சிலது கிடைத்திருக்கிறது. அந்தப் படங்களை எடுத்த யாஷிகா இப்போது வேலை செய்யாது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், டி750 விலை இறங்கியபோது எனக்கு வந்த பயம் அப்பாவுடைய என்லார்ஜரைப் பார்த்து வந்த பயம். நானும் இரும்புக்கடைக்குப் போகிற ஒன்றைத்தான் அடகு வைத்து வாங்கியிருக்கிறேனோ என்று. அந்தப் பயம் எந்த அளவுக்குச் சரி, எந்த அளவுக்குப் பிழை என்று புரிய எனக்கு ஆறு வருடம் எடுத்தது.

ஏன் விலை இறங்கியது என்று முதலில் பார்ப்போம். டி750 மாதிரியான டி.எஸ்.எல்.ஆர். கமராவில் லென்ஸுக்கும் சென்சருக்கும் நடுவில் ஒரு கண்ணாடி மேலும் கீழும் அசைய வேண்டும். அதற்கு இடம் வேண்டும். நிக்கோனின் பழைய லென்ஸ் வாயான எஃப் மவுண்டில் அந்தத் தூரம் 46.5 மில்லிமீற்றர். கண்ணாடியை எடுத்துவிட்ட இசட் மவுண்டில் 16 மில்லிமீற்றர். அந்த இடைவெளி குறைந்ததும் லென்ஸ் வடிவமைப்பவர்களுக்குப் புது வழி திறந்தது. எஃப் மவுண்ட் 1959இலிருந்து இருக்கிறது, கெனனின் ஈஎஃப் மவுண்ட் 1987இலிருந்து. இத்தனை காலம் ஒரு வாசல் மாறாமல் இருந்ததால்தான் பழைய லென்ஸுக்குச் சந்தையில் மரியாதை இருந்தது. 2018இல் இரண்டு கம்பனியும் ஒரே நேரத்தில் வாசலை மாற்றியபோது, பொடியோடு சேர்ந்து லென்ஸ்களின் விலையும் அசைந்தது. சோனி அந்த வழியில் 2013இலேயே முழுச்சட்டக் கமராவோடு இறங்கிவிட்டது. 2018 பெப்ரவரியில் அறிவிக்கப்பட்ட ஏ7 மார்க் 3ஐக் கொழும்புக் கல்யாணப் படக்காரர்கள் கையில் நான் பார்த்திருந்தேன். பார்த்தும் யோசிக்காமல் விட்டது என் பிழை.

இனி மறுபக்கம். அந்த வருடம் முழுக்க என்னிடம் வந்த எந்தக் குடும்பமும், "உங்களிடம் கண்ணாடி இல்லாத கமரா இருக்கிறதா?" என்று கேட்கவில்லை. கேட்டது வேறு. அல்பம் எத்தனை பக்கம், வீடியோ உண்டா, சாமத்திய வீட்டுக்கும் கல்யாணத்துக்கும் சேர்த்து எடுத்தால் குறைப்பீர்களா, காசை இரண்டு தடவையாகத் தரலாமா. எங்கள் பக்கம் பெரும்பாலும் 12க்கு 18 அங்குல அல்பம்தான். என்னுடைய முதல் டிஜிட்டல் கமரா நிக்கோன் டி90, 2008இல் வெளியானது, 12 மெகாபிக்சல். அதன் படத்தில் நீளவாக்கில் 4288 புள்ளி. பதினெட்டு அங்குலத்துக்குப் பிரித்தால் அங்குலத்துக்கு 238 புள்ளி வரும். கையில் வைத்துப் பார்க்கும் அல்பத்துக்கு அது போதும். 24 மெகாபிக்சல் டி750இல் அரைவாசி வெட்டி எடுத்தாலும் தாங்கும். சந்தை அந்தக் கமராவை மதிப்பிட்ட அளவுகோலும், நோர்வூட்டில் ஒரு கல்யாண வீடு மதிப்பிட்ட அளவுகோலும் ஒன்றல்ல.

அந்த வருடக் கடைசியில் ஒரு கொப்பி போட்டேன். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரி: திகதி, இடம், எந்தப் பொடி, எந்த லென்ஸ், எவ்வளவு வந்தது. இன்றைக்கும் எழுதுகிறேன். டி750 2018 ஓகஸ்ட்டிலிருந்து 2024 கடைசி வரை 214 வேலைக்குப் போயிருக்கிறது. நடுவில் ஷட்டர் மாற்ற 32,000 ரூபா செலவு. நிக்கோன் அந்த ஷட்டரைச் சோதித்துச் சொன்ன எண்ணிக்கை 150,000 தடவை. என்னுடையது அதைத் தாண்டித்தான் நின்றது. கடைசியாக விசாரித்தபோது அந்தப் பொடிக்கு 110,000 தருவதாகச் சொன்னார்கள். வாங்கிய விலையில் 75,000 தேய்ந்திருக்கிறது, ரிப்பேரைச் சேர்த்தால் 107,000. 214 வேலைக்குப் பிரித்தால் ஒரு வேலைக்கு 500 ரூபா. ஒரு தோட்டத்துக்குச் சாமான்களோடு போய்வரும் த்ரீவீல் கூலி அதைவிடப் பல மடங்கு. இரண்டு மாதத்தில் இருபதாயிரம் போய்விட்டதே என்று நித்திரை கொள்ளாமல் கிடந்த நான், இந்தக் கணக்கை அன்றே போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

வளையல்களை 2019 தீபாவளிக்கு முன் மீட்டுவிட்டேன். அதுவும் தற்செயலாக அமைந்த நல்லது. ஏனென்றால் 2022இல் ரூபா விழுந்தபோது ஒரு பவுன் தங்கத்தின் விலை 2018இல் இருந்ததைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் போனது. அவற்றை மூழ்கவிட்டிருந்தால், தேய்கிற ஒரு பொருளுக்காக வளர்கிற ஒன்றை இழந்திருப்பேன். மனைவி ஒரே வரியில் சொன்னாள்: "இனிமே கமராவுக்கு நகை போகாது." அதற்குப் பிறகு போகவில்லை.

2022தான் எனக்கு உண்மையான பாடம். மார்ச் மாதத் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபா சுற்றில் இருந்தது. மே மாதம் 360ஐத் தொட்டது. மார்ச் 31 அன்று 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. பெற்றோல் வரிசை, டீசல் வரிசை, கேஸ் வரிசை. இறக்குமதிக் கட்டுப்பாடு 2020இலிருந்தே இருந்ததால் கடைகளில் புதுச் சரக்கு கிடையாது. அப்போது ஒரு விசித்திரம் நடந்தது. உலகம் முழுக்கப் பழைய டி.எஸ்.எல்.ஆர். விலை இறங்கிக்கொண்டிருக்கும்போது, இலங்கையில் ரூபாவில் ஏறியது. ஜூன் மாதம் என் டி750க்கு 215,000 தருகிறேன் என்று ஒருவர் வந்தார். நான்கு வருடம் பாவித்த கமராவுக்கு வாங்கியதைவிட முப்பதாயிரம் கூட!

டி750ஐ விற்கவில்லை. ஆனால் இரண்டாவது பொடியாக வைத்திருந்த டி7200ஐ விற்றேன். 2017இல் 95,000க்கு வாங்கியது, 128,000க்குப் போனது. 33,000 லாபம் என்று கொப்பியில் எழுதினேன். வீட்டில் அரிசி, மா, பிள்ளைகளின் ரியூஷன் என்று எல்லாம் நெருக்கிய மாதம், அந்தக் காசு உதவியது உண்மை.

அந்த லாபம் லாபமே இல்லை என்பது மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது. 2017இல் 95,000 ரூபா என்பது ஏறக்குறைய 620 டொலர். 2022இல் 128,000 ரூபா ஏறக்குறைய 355 டொலர். கமரா எங்கே செய்யப்பட்டாலும் அதன் விலை டொலரில்தான் நிற்கிறது. திரும்ப அதே மாதிரி ஒன்றைத் தேடினால் 165,000க்குக் குறைய ஒருவரும் தரவில்லை. ஒரு பொருளை விற்ற விலை நல்ல விலையா என்று கேட்பதற்கு முன், அதைத் திரும்ப வாங்க எவ்வளவு வேண்டும் என்று கேட்க வேண்டும். தொழிலை விடுகிறவருக்கு அந்தக் கேள்வி தேவையில்லை. தொழிலில் நிற்கிறவருக்கு அது ஒன்றுதான் கேள்வி.

அதன் விலையை ஒரு கல்யாணத்தில் கட்டினேன். அதே வருடம் நவம்பர், கொட்டகலைக்கு மேலே ஒரு தோட்டம். காலை ஆறு மணி, மாப்பிள்ளை அழைப்பு, மூடுபனி, கை விறைக்கிற குளிர். ஒரு மணித்தியாலம் வெளியில் நின்று எடுத்துவிட்டு மண்டபத்துக்குள் நுழைந்தேன். உள்ளே முந்நூறு பேர், ஹோமப் புகை, ஈரமான சூடு. லென்ஸ் முகத்தில் பனி படிந்தது. துடைத்தேன், மறுபடி படிந்தது. வியூஃபைண்டரும் வெள்ளையாகிவிட்டது. ஐயர் தாலியை எடுத்துவிட்டார். முன்பெல்லாம் டி7200 மண்டபத்துக்குள்ளேயே மேசையடியில் இருந்து சூடேறியிருக்கும், அதை எடுத்திருப்பேன். அன்று எடுக்க ஒன்றும் இல்லை. என் தம்பியின் ஃபோனை வாங்கித் தாலி கட்டுகிற படத்தை எடுத்தேன். அது அல்பத்தில் இருக்கிறது. பெண்ணின் தகப்பனிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன், காசிலும் குறைத்தேன். "பரவாயில்லங்க தம்பி, படம் இருக்குதானே" என்றார். அந்தப் பெருந்தன்மைக்கு நான் தகுதியானவன் இல்லை என்று இன்றும் தோன்றுகிறது.

மலைநாட்டில் படம் எடுக்கிறவர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். குளிரிலிருந்து சூட்டுக்குப் போகும் முன் கமராவை ஒரு பொலித்தீன் பையில் போட்டுக் காற்றுப் புகாமல் கட்டி, உள்ளே போய் இருபது, முப்பது நிமிடம் கழித்து எடுங்கள். ஈரம் பையின் மேல் படியும், கண்ணாடியில் படியாது. அவ்வளவு நேரம் இல்லையென்றால் இரண்டாவது பொடி உள்ளே காத்திருக்க வேண்டும். அது பத்து வருடப் பழசாக இருந்தாலும் போதும். பழைய கமரா விலை இறங்கியதில் நம் மாதிரி ஆட்களுக்குக் கிடைத்த பெரிய நன்மை இதுதான்: முன்பு ஒன்று வாங்கிய காசில் இன்று இரண்டு வைத்திருக்கலாம்.

விலை ஏறினால் கூலியையும் ஏற்றலாமே என்று கொழும்பு நண்பர்கள் சொல்வார்கள். எங்களிடம் வருகிறவர்களில் பாதிக்குமேல் கொழுந்து எடுக்கிறவர்களின் குடும்பங்கள். 2021இல் பல போராட்டங்களுக்குப் பிறகு நாட்சம்பளம் 1,000 ரூபா ஆனது. அன்று அது ஐந்து டொலர். அடுத்த வருடம் அதே ஆயிரம் ரூபா மூன்று டொலருக்கும் குறைவு. 1,350 ஆனது 2024இல்தான். அந்தக் காசில் சீட்டுப் பிடித்து மகளின் கல்யாணத்துக்குப் படக்காரரைப் பிடிக்கும் ஒரு தாயிடம், "அம்மா, புது கமரா வந்திருக்கிறது, அதனால் இருபதாயிரம் கூட" என்று எப்படிச் சொல்வது? கமரா டொலரில் வருகிறது, நம் வருமானம் கொழுந்து ரூபாவில் வருகிறது. ஆகவே இங்கே புதுமையைத் துரத்த முடியாது. அது எந்த இடத்தில் நமக்கு எட்டும் விலைக்கு இறங்கி வருகிறதோ, அங்கே நின்று பிடிக்க வேண்டும்.

அப்படித்தான் 2024இல் இசட்6 வாங்கினேன். ஆறு வருடத்துக்கு முன் என் டி750இன் விலையை இறக்கிய அதே மாடல். புதுசாக வந்தபோது ஏறக்குறைய 2,000 டொலர். 2020இல் இசட்6இன் இரண்டாம் பதிப்பு வந்து அதன் விலையை இறக்கியது. 2024 ஜூனில் மூன்றாம் பதிப்பு வந்து இன்னொரு படி இறக்கியது. அந்த ஜூன் அறிவிப்புக்காகத்தான் நான் காத்திருந்தேன். அறிவித்து ஆறு கிழமைக்குள் பழையதை விற்றுப் புதியதுக்குப் போகிறவர்கள் சந்தைக்கு வருவார்கள். ஓகஸ்ட்டில் ஒரு நல்ல பொடி 210,000க்குக் கிடைத்தது. கடன் இல்லை, அடகு இல்லை. கொப்பியில் ஒவ்வொரு வேலைக்கும் 1,500 ரூபா ஒதுக்கிச் சேர்த்த காசு அதில் பெரும்பகுதி.

பொடி விலையோடு கணக்கு முடியும் என்று நினைத்தால் அடி வாங்குவீர்கள். இசட்6இல் ஒரே ஒரு மெமரி கார்ட் வாசல், அதுவும் எக்ஸ்க்யூடி வகை. கமராவுக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பித்தால் சிஎஃப்எக்ஸ்பிரஸ் பி வகையும் போடலாம். என்னிடம் இருந்த எஸ்டி கார்ட் ஒன்றும் உதவவில்லை. கார்ட், அதற்கு ரீடர், பழைய லென்ஸ் பூட்ட எஃப்டிஇசட் அடப்டர் என்று இன்னும் எண்பதாயிரம் போனது. தப்பியது பெட்டரியில். டி750இன் ஈஎன்-ஈஎல்15 பெட்டரி இசட்6இலும் வேலை செய்தது. ஆனால் டி750இல் ஒரு பெட்டரி ஒரு கல்யாணத்தை முடிக்கும், இங்கே மூன்று வேண்டும். மின்திரை எந்நேரமும் எரிகிறதல்லவா. டவுனில் பாதி விலைக்குக் கிடைக்கும் போலிப் பெட்டரியை வாங்காதீர்கள். ஒன்று எனக்கு உப்பி, உள்ளேயே இறுகிவிட்டது.

தாலி கட்டும் நேரத்துக்கு இன்றும் டி750தான். அதில் இரண்டு கார்ட் வாசல், ஒரே படம் இரண்டிலும் பதியும். ஒரு கார்ட் செத்தாலும் கல்யாணம் சாகாது. இசட்6 எதற்கு என்றால், கோயிலுக்கு. கர்ப்பக்கிரகத்துக்கு முன் தீபாராதனை நேரத்தில் டி750இன் 'டக் டக்' சத்தத்துக்கு ஐயர் திரும்பிப் பார்த்த நாட்கள் உண்டு. இப்போது சத்தமே இல்லை. ஒரு கவனம்: மண்டபத்து எல்.இ.டி. விளக்கின் கீழ் அந்தச் சத்தமில்லாத ஷட்டரைப் போட்டால் படத்தில் வரிவரியாகக் கறுப்புக் கோடு விழும். முதல் நாள் நாற்பது படம் அப்படிப் போனது. அங்கே மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறிவிடுங்கள்.

லென்ஸ் விஷயத்தில்தான் எனக்கு மனம் நிறைந்தது. 85 மில்லிமீற்றர் 1.8ஜி அடப்டரில் குறையில்லாமல் வேலை செய்தது. 50 மில்லிமீற்றர் 1.8டி செய்யவில்லை. அந்த வகை லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது. பொடியில் இருக்கும் மோட்டார்தான் திருப்ப வேண்டும். டி90இலும் டி750இலும் அது இருந்தது, எஃப்டிஇசட்டில் இல்லை. படம் எடுக்கலாம், ஆட்டோஃபோக்கஸ் இல்லை. ஒரு அடப்டரால் ஒரு நல்ல லென்ஸின் மதிப்பு பாதியானது. வாங்கும் முன் ஒவ்வொரு லென்ஸின் பெயரிலும் டி, ஜி, ஏஎஃப்-எஸ் என்ற எழுத்துகளைப் பாருங்கள். அந்த ஓர் எழுத்தில் பத்தாயிரம், பதினைந்தாயிரம் ரூபா இருக்கிறது.

அன்றிரவு சும்மா ஒரு எண்ணம் வந்து, அலுமாரியிலிருந்து அப்பாவின் 105ஐ எடுத்துப் பூட்டினேன். கையால் திருகும் லென்ஸ். டி750இன் வியூஃபைண்டரில் என் கண்ணுக்கு அது ஒருபோதும் சரியாக வரவில்லை. பத்தில் நான்கு மங்கும். இசட்6இல் கூர்மை விழுந்த இடம் நிறக்கோடாக மின்னுகிறது, வேண்டுமென்றால் கண்ணை மட்டும் பெரிதாக்கிப் பார்க்கலாம். சென்சரே அசைந்து கை நடுக்கத்தை வாங்கிக்கொள்கிறது. அப்பா காலத்தில் அந்த லென்ஸுக்கு இது இல்லை. அடுப்படியில் உட்கார்ந்திருந்த அம்மாவை எடுத்தேன். அவருக்கு எழுபத்தாறு. நெற்றிச் சுருக்கம், மூக்குத்தி, அடுப்பு வெளிச்சம் எல்லாம் வந்தது. நாற்பது வருடத்துக்கு முன் அப்பா வாங்கிய கண்ணாடி, நாற்பது வருடம் கழித்து என் கைக்கு வந்த கமராவில்தான் முழுப் பலத்தோடு வேலை செய்கிறது. 50 மில்லிமீற்றரைச் சாய்த்த அதே தொழில்நுட்பம் 105ஐ எழுப்பிவிட்டது. இப்போது சாமத்திய வீடுகளில் பிள்ளையின் முகத்துக்கு நான் அதைத்தான் பாவிக்கிறேன்.

எஃப்எம்2 கமராவையும் கேட்டு ஆட்கள் வருகிறார்கள். ஃபிலிம் கமரா மீது இளம் பிள்ளைகளுக்கு மறுபடி ஆசை வந்திருக்கிறது. பெட்டரி இல்லாமலே ஷட்டர் ஓடும் அந்தக் கமராவுக்கு, பத்து வருடத்துக்கு முன் ஒருவரும் ஐயாயிரம் தரமாட்டார்கள். இன்று ஒருவர் 75,000 என்றார். கொடுக்கவில்லை.

பழைய கமராவுக்கு உயிர் கொடுத்த இன்னொன்று மென்பொருள். 2023 ஏப்ரலில், படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூமில், படத்தில் விழும் புள்ளி இரைச்சலைச் செயற்கை நுண்ணறிவால் நீக்கும் வசதி வந்தது. இருட்டு லயத்துக் காம்பிராவில் வெளிச்ச உணர்திறனை ஐஎஸ்ஓ 6400க்கு ஏற்றி டி750 எடுத்த பழைய ரோ (கமரா பதப்படுத்தாத) கோப்புகளைப் போட்டுப் பார்த்தேன். மணல் தூவினது போலிருந்த படம் தெளிந்து வந்தது. புதுப் பொடி வாங்கக் காரணமாக நான் சொல்லிக்கொண்டிருந்ததில் பாதி அன்றே இல்லாமல் போனது. ஆனால் அதற்கு ரோவில் எடுத்திருக்க வேண்டும், நல்ல கிராபிக்ஸ் கார்ட் உள்ள கணினியும் வேண்டும். என் பழைய மெஷினில் ஒரு படத்துக்கு ஆறு நிமிடம் ஓடியது. பொடிக்குச் செலவு செய்யும் காசில் ஒரு பங்கைக் கணினிக்கு ஒதுக்குவது இன்று புத்திசாலித்தனம்.

ட்ரோன் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு நண்பர் 2019 மார்ச்சில் பெரிய விலை கொடுத்து ஒன்று வாங்கினார். ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, 25ஆம் திகதி சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபை ட்ரோன் பறப்பதை நிறுத்தியது. அது பெட்டிக்குள் கிடந்த வருடமே, ஒக்டோபரில், 249 கிராம் எடையுள்ள மவிக் மினி வந்து அதன் விலையை உடைத்தது. பறக்க அனுமதி எப்படி என்று விசாரிக்காமல் அதில் இறங்காதீர்கள்.

எங்கள் ஊரில் எந்த மிரர்லெஸ்ஸைவிடவும் வேகமாக ஒரு லென்ஸின் விலையை அழிப்பது பூஞ்சணம். மே தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை, சுவர் வியர்க்கும், உடுப்பு காயாது. தோல் பையில், துணி சுற்றி, அலுமாரியில் வைத்த 70-200 மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்றை எனக்கு முன்னாலேயே ஒருவர் இழந்தார். உள்ளே சிலந்திவலை போல வெள்ளை இழை. பெரிய உலர்பெட்டி வாங்க முடியாவிட்டால், மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பா ஒன்று, சிலிக்கா ஜெல், ஈரம் காட்டும் சின்ன மீற்றர் ஒன்று போதும். நூற்றுக்கு 40 முதல் 50 வரை இருக்கட்டும். ஜெல் நிறம் மாறினால் இளஞ்சூட்டில் காயவைத்து மறுபடி போடலாம். சமையல் சட்டியில் மட்டும் காயவைக்காதீர்கள்.

பொகவந்தலாவைப் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு பிள்ளை என்னிடம் தொழில் பழக வருகிறாள். உயர்தரம் முடித்தவள், தாய் கொழுந்து எடுக்க மலைக்குப் போகிறவர். போன மாதம் கேட்டாள்: "மாமா, லீசிங்ல புது மிரர்லெஸ் ஒண்ணு எடுக்கலாம்னு சொல்றாங்க. எடுக்கட்டுமா?"

"மாசம் எவ்வளவு கட்டணும்?"

"பதினெட்டாயிரம். மூணு வருஷம்."

"மாசத்துக்கு எத்தனை வேலை வருது மகள்?"

அவள் யோசித்தாள். "இப்ப ஒண்ணு, ரெண்டு."

கொப்பியை எடுத்துக் காட்டினேன். மூன்று வருடத்தில் அந்தக் கமராவுக்குப் பின் குறைந்தது ஒரு மாடல் வந்துவிடும். தவணை முடிகிற நாளில் அதன் விலை பாதியாகியிருக்கும், வட்டியோ குறையாது. டி90ஐயும் 50 மில்லிமீற்றர் 1.8டியையும் அவளிடம் கொடுத்தேன். சந்தையில் இரண்டும் சேர்த்து முப்பதாயிரம்கூட வராது. அந்த லென்ஸ் இந்தப் பொடியில் முழுதாக வேலை செய்யும். போன ஞாயிறு ஒரு பிறந்தநாள் வீட்டுக்கு அதைக் கொண்டுபோய் 12,000 வாங்கி வந்திருக்கிறாள். ஃபிளாஷை எங்கே சுவரில் அடிப்பது என்று மட்டும் இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. அதற்கு ஒரு செகண்ட் ஹேண்ட் ஃபிளாஷும், உள்ளே எடுக்க ஓர் அகல லென்ஸும் வேண்டும்.

கண்டியில் ஒருவர் 18-35 மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்று விற்கிறாராம். வருகிற சனிக்கிழமை காலைக் கோச்சியில் இருவரும் போகிறோம். பையில் ஒரு டோர்ச் வைத்திருக்கிறேன், லென்ஸின் பின்பக்கத்திலிருந்து அடித்துப் பார்க்க. எங்கள் மெமரி கார்ட் ஒன்று, அங்கேயே எடுத்த படத்தை வீட்டில் பெரிதாக்கிப் பார்க்க. முழுதாகச் சார்ஜ் ஏற்றிய பெட்டரி ஒன்று. வளையங்களைத் திருகி மணல் உரசும் சத்தம் வருகிறதா என்று அவளே கேட்கட்டும். பிடித்திருந்தாலும் அன்றே காசு கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். அவள் அம்மா, மத்தியானத்துக்கு ரொட்டியும் சம்பலும் கட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறாராம்.